கட்டை மேல ஏறுன கார்களும் கரி பஸ்ஸும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் வர முடியல. பழைய பதிவுக்குப் பின்னூட்டம் போட்டு "உயிரோட இருக்கியா"ன்னு கேட்ட நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். மினசோட்டாவுல, மைனஸ் பதினஞ்சுல, நாலு ஸ்வெட்டருக்குள்ள இருக்கேன் :-)

போன நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, கூட வேலை பாக்குற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். அவர்கிட்ட ஒரு பழைய திறந்த கார் இருக்கு. கோடையில மட்டும்தான் ஓட்டுவார். பனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கழுவித் துடைச்சு, ஷெட்டுல ஏத்தி, நாலு ஸ்டாண்டு மேல நிறுத்தி, பேட்டரியைக் கழட்டி, எலி புகாம இருக்க சைலன்சர் வாயில கம்பி நாரைத் திணிச்சு, துணி போட்டு மூடிடுவார். மறுபடி ஏப்ரல்லதான் திறப்பார். எல்லாத்தையும் ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி செஞ்சார். முடிச்சதும் கார் மூக்குல ரெண்டு தட்டு தட்டி "குட் நைட்" வேற.

எனக்கு சிரிப்பு வரணும். வரல. ஏன்னா இதே வேலையை இதே வரிசையில, 1942ல அம்மாபேட்டையில ஒருத்தர் செஞ்சிருக்கார். அவர் என் கொள்ளுத்தாத்தா. அவர் அன்னிக்கு மூடினது வெறும் காரை இல்லை, தன் வேலையையும் சேர்த்துத்தான். இந்தப் பதிவு அதைப் பத்தி. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. குளிர்காலத்துல காரை மூடி வைக்கிறது மேல்நாட்டுல கார் வந்த நாள்ல இருந்து உள்ள பழக்கம். அப்ப ரேடியேட்டர்ல வெறும் தண்ணி. அது உறைஞ்சா விரியும், விரிஞ்சா இஞ்சினோட வார்ப்பிரும்பு வெடிச்சுடும். கிளைக்கால் கலந்த உறைதடுப்புத் திரவம் 1927ல தான் 'ப்ரெஸ்டோன்'ங்கிற பேர்ல கடைக்கு வந்துச்சு. பாதி கார்களுக்குக் கூரையே துணிதான். அதனால பனிக்காலம் வந்தா தண்ணியை வடிச்சு, சக்கரத்துல பாரம் இல்லாம தூக்கி நிறுத்திட்டு, வசந்தத்துல எழுப்புவாங்க.

நம்ம சேலத்துக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்லை. மார்கழி விடிகாலையில ஏற்காட்டு மலை மேல பஞ்சு மாதிரி மேகம் நிக்கும், அவ்வளவுதான். ஆனா நம்ம ஊர்லயும் கார்களுக்கு ஒரு நீண்ட குளிர்காலம் வந்துச்சு. அது போர்க்காலம்.

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர்ல ஆரம்பிச்சதும் இங்கிலாந்துல அந்த மாசமே பெட்ரோலுக்கு ரேஷன் வந்துடுச்சு. இந்தியாவுக்கு 1941ல வந்துச்சு. அந்த ஆணைக்குப் பேரு 'மோட்டார் ஸ்பிரிட் ரேஷனிங் ஆர்டர்'. அப்ப பெட்ரோலுக்கு சர்க்கார் பேரு மோட்டார் ஸ்பிரிட். கூப்பன் இருந்தாதான் பங்குல ஊத்துவாங்க. கவனிங்க, அப்ப ஜப்பான் போர்ல இறங்கவே இல்லை. இருந்த எண்ணெயில பட்டாளத்துக்குப் போக மிச்சம்தான் மத்தவங்களுக்கு, எண்ணெய்க் கப்பல்களுக்கும் பஞ்சம். நம்மகிட்ட சொந்தமா அஸ்ஸாம் டிக்பாய் மாதிரி கொஞ்சம் எண்ணெய்தான். மத்தது பர்மாவுலயும் பாரசீக வளைகுடாவுலயும் இருந்து வரணும்.

அப்புறம் 1942. அந்த வருஷத்துத் தேதிகளை வரிசையா வச்சுப் பார்த்தா பயமா இருக்கும். பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்துச்சு. மார்ச் 8, ரங்கூன் போச்சு. ஏப்ரல் 5 கொழும்புல குண்டு, 6ம் தேதி விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு, 9ம் தேதி திருகோணமலை. மெட்ராஸ் பட்டணமே காலியாகி ஜனங்க உள்நாட்டுக்கு ஓடி வந்தாங்க. அதே ஏப்ரல் நடுவுல பர்மாவோட ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை, ஜப்பான் கையில சிக்கக் கூடாதுன்னு பிரிட்டிஷ்காரங்களே கொளுத்திட்டாங்க.

பெட்ரோலை விடப் பெரிய அடி ரப்பர். மலேயாவும் டச்சுக்காரங்க வச்சிருந்த தீவுகளும் போனதுல, உலகத்து இயற்கை ரப்பர்ல கிட்டத்தட்ட பத்துல ஒன்பது பங்கு ஜப்பான் கைக்குப் போயிடுச்சு. நேசநாடுகளுக்கு மிஞ்சின பெரிய ஆதாரம் இலங்கைதான். பெட்ரோல் ஆறா ஓடுற அமெரிக்காவுலயே 1942ல பெட்ரோலுக்கு ரேஷன் வச்சாங்க. காரணம் பெட்ரோல் இல்லை, டயர்! வண்டி ஓடினாதானே டயர் தேயும்? மணிக்கு 35 மைல்தான் வேகம், ஒரு ஆளுக்கு அஞ்சு டயருக்கு மேல இருந்தா சர்க்காருக்கு வித்துடணும். அந்த வருஷம் பிப்ரவரியோட அங்க சொந்த உபயோகத்துக்குக் கார் செய்யறதையே நிறுத்திட்டாங்க. இங்கிலாந்துல ஜூலையில தனியாருக்கான சாதாரணப் பெட்ரோல் அளவையே ரத்து பண்ணாங்க. காரெல்லாம் செங்கல் மேல ஏறுச்சு.

இப்ப அம்மாபேட்டைக்கு வரலாம்.

(கொசுவத்தி சுருள் சுத்துதுன்னு நினைச்சுக்கோங்க.)

என் கொள்ளுத்தாத்தா நெசவுக் குடும்பம். தறிக்குழியில உக்காரப் பிடிக்காம பதினஞ்சு வயசுல பஸ்ஸுல கிளீனரா ஓடிப் போனவர். அப்புறம் டிரைவர் ஆகி, அம்மாபேட்டை நூல்கடை மொதலாளி ஒருத்தர்கிட்ட கார் ஓட்ட சேர்ந்தார். செவர்லே கார். இதெல்லாம் எனக்கு எங்க தாத்தா சொன்னது. 42ல அவருக்கு ஆறு வயசு. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டப்ப எனக்குப் பத்து வயசு. அதனால சின்னச் சின்ன விஷயத்துல முன்னே பின்னே இருக்கலாம், அடிக்க வராதீங்க.

கூப்பன் வந்ததுமே கார் வெளிய போறது குறைஞ்சுடுச்சு. முதல்ல கோயில் போறது நின்னுச்சு, அப்புறம் கல்யாணம் காட்சி. கடைசியில டாக்டர் வீட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மட்டும். மிச்ச நாளெல்லாம் கொள்ளுத்தாத்தா காரைத் துடைச்சுட்டே இருப்பாராம். "துடைச்சுத் துடைச்சே பெயின்ட் தேஞ்சு போச்சு கண்ணு"ன்னு தாத்தா சிரிப்பார். போர்க்காலச் சட்டத்துல சர்க்காருக்கு வண்டியைக் கேட்டு வாங்கிக்கிற அதிகாரமும் இருந்துச்சு. எப்ப வந்து கேப்பாங்களோன்னு மொதலாளிக்கு அந்த பயம் வேற. பர்மா போனதும் ஒரு நாள் முடிவு பண்ணிட்டார். "கட்டை மேல ஏத்திடு."

அன்னிக்கு நடந்ததை தாத்தா படம் மாதிரி சொல்வார். கட்டைக்கு எங்க போறது? உடைஞ்ச தறி மரம். எங்க வீட்டுல கிடந்த பழைய தறியை அறுத்து நாலு கட்டை. ஜாக்கி வச்சுத் தூக்கி, முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, அச்சுக்கு அடியில முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில இருந்து நாலு விரக்கடை மேல. ரேடியேட்டர் தண்ணியை வடிச்சார். இருந்த பெட்ரோலை டின்னுல பிடிச்சார். பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு துளையிலயும் கொஞ்சம் இஞ்சின் ஆயில் விட்டு, கைப்பிடியைப் போட்டு நாலு சுத்து சுத்தி, மறுபடி பிளக்கை மாட்டினார். பேட்டரியைக் கழட்டி எடுத்தார். வெள்ளிப்பூச்சு போட்ட இடத்துக்கெல்லாம் கிரீஸ். சீட்டுக்கு அடியில வேப்பிலையும் கற்பூரமும். சைலன்சர்ல கோணித்துணி. கடைசியா மேல ஒரு பெரிய காடாத்துணி. நெசவு ஊர் பாருங்க, துணிக்கு மட்டும் பஞ்சம் இல்லை. (அதுவும் ரொம்ப நாள் இல்லை. 1943ல துணி, நூல் ரெண்டுக்கும் கட்டுப்பாடு ஆணை வந்துடுச்சு.)

இப்ப ஒரு இஞ்சினியரா நின்னு பாக்குறேன். அவர் செஞ்ச ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. பாரத்தோட ஒரே இடத்துல நின்னா டயர் அடிப்பக்கம் தட்டையாகி அப்படியே இறுகிடும். அந்தக் காலத்துல டயர் தங்கம். சிலிண்டர் சுவத்துல எண்ணெய்ப் படலம் காஞ்சு போனா துரு பிடிச்சு பிஸ்டன் வளையம் ஒட்டிக்கும். பெட்ரோல் நாள்பட நின்னா காத்து பட்டுப் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டர் துளையை அடைக்கும். சார்ஜ் இறங்கின பேட்டரியில ஈயத்தகட்டு மேல லெட் சல்பேட் படிகம் கட்டியாகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நாலாவது படிச்ச மனுஷன் இவ்வளவையும் கையாலயே தெரிஞ்சு வச்சிருந்தார்.

வேலை முடிஞ்சதும் மொதலாளி ஒரு மாச சம்பளத்தைக் கையில கொடுத்து, "பெட்ரோல் வந்ததும் சொல்லி அனுப்பறேன்"னார். அவ்வளவுதான். யார் மேலயும் தப்பு இல்லை, ஓடாத காருக்கு டிரைவர் எதுக்கு? ஆனா யோசிச்சுப் பாருங்க, தன் வேலையைத் தானே தூக்கிக் கட்டை மேல வச்சு, தானே துணி போட்டு மூடிட்டு, வீட்டுக்கு நடந்து வந்திருக்கார்.

மூணு மாசம் கூலிக்குத் தறியில உக்காந்தார். எந்தக் குழிக்குப் பயந்து ஓடினாரோ அதே குழி. அப்புறம்தான் கரி பஸ் வேலை கிடைச்சுது.

கரி பஸ் கேள்விப்பட்டிருக்கீங்களா? பெட்ரோல் இல்லாத நாட்டுல பஸ் ஓடினது அடுப்புக்கரியிலதான். பஸ் முதுகுல ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். அதுல கரியைப் போட்டுப் பத்த வச்சு, காத்தைக் குறைவா விடணும். முதல்ல கரி எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடு வரும். அது செக்கச் செவேல்னு இருக்கிற கரி வழியா போறப்ப கார்பன் மோனாக்சைடா மாறும். கூட ஈரம் இருந்தா கொஞ்சம் ஹைட்ரஜன். ரெண்டுமே எரியும் வாயு. அதை ஆற வச்சு, சாம்பலை வடிகட்டி, இஞ்சினுக்குள்ள விட்டா வண்டி ஓடும். ஜெர்மனியில போர் முடியறப்ப சுமார் 5 லட்சம் வண்டி இப்படி ஓடிச்சுன்னு சொல்வாங்க. நம்ம பக்கத்துல மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் இதுக்குன்னே ஒரு 'கேஸ் பிளான்ட்' வடிவமைச்சு செஞ்சு வித்தார். டி.வி.எஸ். வரலாற்றுல அது ஒரு முக்கியமான அத்தியாயம்.

கேக்க நல்லா இருக்கு, ஓட்டினவனைக் கேட்டாதான் தெரியும். காத்துல இருக்கிற நைட்ரஜனும் சேர்ந்தே உள்ள வர்றதால வாயுவுல பலம் கம்மி. பெட்ரோல்ல ஓடுறப்ப இருக்கிற சக்தியில மூணுல ஒரு பங்கு, சில சமயம் பாதியே போயிடும். காலையில எடுத்த எடுப்புல கிளம்ப முடியாது, அடுப்பை மூட்டி, கையால விசிறி சுத்தி, வாயு பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். கொள்ளுத்தாத்தா ராத்திரி மூணு மணிக்கே எழுந்து போவாராம். அவர் ஓட்டினது சேலத்துல இருந்து அரூர் பக்கம். மஞ்சவாடி கணவாய் ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கும். "எறங்குங்க சாமி"ன்னு கிளீனர் சத்தம் போட, ஜனங்க இறங்கி நடப்பாங்க, சில நாள் தள்ளுவாங்க. டிக்கெட்டும் வாங்கி வண்டியும் தள்றது :-)

வீட்டுக்கு வந்தா கண்ணு மட்டும்தான் வெள்ளையாம். குளிச்ச தண்ணி கறுப்பா ஓடுமாம். இருமல் அப்ப ஆரம்பிச்சதுன்னு தாத்தா சொல்வார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அடுப்பைக் கிளறுறப்ப மயக்கம் போட்டு விழுந்தவங்க உண்டு. தலைவலின்னா வெத்தலைக்காம்பு வாட்டி நெத்தியில வச்சுட்டு மறுநாள் வேலைக்குப் போயிடுவாராம்.

போர் 1945ல முடிஞ்சுது. ஆனா ரேஷன் உடனே முடியல. (இங்கிலாந்துலயே 1950 மே வரைக்கும் பெட்ரோல் ரேஷன் இருந்துச்சு.) அடுத்த வருஷம் மொதலாளிகிட்ட இருந்து ஆள் வந்துச்சு. கொள்ளுத்தாத்தா சட்டை மாத்திட்டு ஓடினார். நாலு வருஷத் தூசி. துணியை எடுத்து, பிளக்கைக் கழட்டி மறுபடி ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, கைப்பிடியைப் போட்டு மெதுவா சுத்தினாராம். இஞ்சின் இறுகல. சுத்துச்சு! பெட்ரோல் பைப்பை ஊதி, வேற பேட்டரி மாட்டி, தண்ணி ஊத்தி, சாயங்காலத்துக்குள்ள ஸ்டார்ட் ஆயிடுச்சு. தெருவே கூடிடுச்சாம். தாத்தாவை முன் சீட்டுல உக்கார வச்சு ஒரு ரவுண்டு அடிச்சார். தாத்தா வாழ்க்கையில முதல் கார் சவாரி அதுதான்.

மொதலாளி ரெண்டு நாள் கூலி கொடுத்தார். அடுத்த வாரம் ஈரோட்டுக்காரர் ஒருத்தர் வந்து காரை வாங்கிட்டுப் போயிட்டார். கூப்பிட்டது ஓட்டுறதுக்கு இல்லை, விக்கிறதுக்கு ஓடுற நிலையில காட்டணும்னுதான்.

கொள்ளுத்தாத்தா மறுநாள் மூணு மணிக்கு எழுந்து கரி பஸ்ஸுக்குப் போயிட்டார். இதைச் சொல்றப்ப மட்டும் தாத்தா சிரிக்க மாட்டார்.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா, 2020 மார்ச் 24 சாயங்காலம் ஞாபகம் இருக்கா? ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144. மறுநாள்ல இருந்து நாடே மூடியாச்சு. எங்க அப்பா வாடகை கார் ஓட்டுறவர். சொந்த வண்டி, கடன் வண்டி. நான் அப்ப காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீட்டுல உக்காந்து பொட்டி தட்டினேன், சம்பளம் வந்துச்சு. அப்பா வாசல்ல நின்ன வண்டியைத் துடைச்சார். தினமும் துடைச்சார். மூணாவது வாரம் எலி ஒயரைக் கடிச்சுடுச்சு. அடுத்த மாசம் பேட்டரி போச்சு. ரிசர்வ் வங்கி தவணையை முதல்ல மூணு மாசம், அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் தள்ளி வைக்கலாம்னுச்சு. ஆனா வட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு. வட்டிக்கு வட்டியை மட்டும் அப்புறமா சர்க்கார் ஏத்துக்கிச்சு.

ஒரு நாள் நான் இண்டர்நெட்ல படிச்சுட்டு ரொம்ப அறிவாளி மாதிரி, "அப்பா, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுல வச்சுடலாம், டயருக்கு நல்லது"ன்னேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கட்டை மேல ஏத்துற பேச்சு மட்டும் இந்த வீட்டுல வேண்டாம் கண்ணு. வண்டி தூங்கும். வண்டிக்காரன் வயிறு தூங்காது"ன்னார். அதுக்கப்புறம்தான் தாத்தா கதை முழுசா எனக்கு உறைச்சுது.

வரலாற்றுப் புத்தகத்துல ரேஷன் ஆணை இருக்கும், தேதி இருக்கும், எத்தனை காலன் மிச்சமாச்சுன்னு கூட இருக்கும். கார் நின்னப்ப அந்த டிரைவர், கிளீனர், பஞ்சர் ஒட்டுறவர் என்ன ஆனாங்கன்னு ஒரு வரி தேடினா கிடைக்காது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பேர் போன ஊருங்க. எங்க பக்கத்துல தெருவுக்கு ரெண்டு டிரைவர் வீடு. இந்தக் கதை எங்க ஒரு வீட்டுக் கதையா மட்டும் இருக்காது.

சரி, இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு உபயோகமா ஒண்ணு. ஊர்ல காரை மாசக்கணக்குல நிறுத்திட்டு ஆன்சைட் வர்ற மக்கள்ஸ் கவனிக்க. மேல்நாட்டுக் குறிப்பை அப்படியே காப்பி அடிக்காதீங்க. அங்க எதிரி பனி, நம்ம ஊர்ல எதிரி வெயிலும் எலியும்.

- பேட்டரி வெயில்ல சீக்கிரம் இறங்கும். நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வைங்க, மாசம் ஒரு தடவை சார்ஜ் போடச் சொல்லுங்க.
- இப்ப நம்ம பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டேங்க்கை நிறைச்சு வச்சா ஈரக்காத்துக்கு இடம் குறையும்.
- டயர்ல காத்தைக் கொஞ்சம் கூட வச்சு, அப்பப்ப வண்டியை அரை அடி நகர்த்தச் சொல்லுங்க.
- ஹேண்ட் பிரேக் போடாதீங்க, பிடிச்சுக்கும். கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைங்க.
- ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல அணைக்கிறது நல்லதைவிடக் கெட்டது. சூடேறுற வரைக்கும் ஓட்ட ஆள் இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க.

அந்த ஆளுக்கு ஒழுங்கா காசு கொடுங்க. இது என் சொந்தக் குறிப்பு.

மினசோட்டாப் பெரியவர்கிட்ட அன்னிக்குக் கிளம்பறப்ப கொள்ளுத்தாத்தா கதையை எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஏப்ரல்ல எடுக்கறப்ப நீதான் முதல் ரவுண்டு ஓட்டணும்"னார். ஊருக்குப் போன் போட்டு அப்பாகிட்ட சொன்னேன். "பாத்து ஓட்டு, அங்க வலது பக்கம்"னார். அப்பா அப்பாதான்.

உங்க வீட்டுலயும் தாத்தா பாட்டி யாராவது கரி பஸ் ஏறியிருந்தா, தள்ளியிருந்தா, முக்கியமா ஓட்டியிருந்தா, கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. எழுதக்கூட வேண்டாம், முதல்ல கேட்டு வைங்க. எங்க தாத்தாவைக் கேக்கறதுக்கு எனக்கு இன்னும் நூறு கேள்வி இருக்கு, அவர்தான் இல்லை.

டிஸ்கி: தறி மரக் கட்டை நாலுல ஒண்ணு இன்னும் எங்க வீட்டுல இருக்கு. அம்மா அது மேலதான் தண்ணிக்குடம் வைக்கிறாங்க.